எது பனிக்கட்டி, எது தண்ணீர்? சிமுலேஷனில் 2048 ஆக்சிஜனுக்கு அடையாளம் போட்ட பதிவு

பாதி பனிக்கட்டி, பாதி தண்ணீர் கொண்ட பெட்டியைக் கணினியில் ஓடவிட்டு, ஒவ்வொரு ஃபிரேமிலும் (ஓட்டத்தின் ஒரு கணத்துப் பதிவு) எந்த மூலக்கூறு உறைந்திருக்கிறது, எது திரவமாக இருக்கிறது என்று சொல்லும் நிரல் இப்போது நம்பும்படி வேலை செய்கிறது. நம்புவதற்குக் காரணம், படம் அழகாக வந்ததல்ல. அடையாளங்களை எண்ணிக் கிடைக்கும் உறைவு வேகமும், அடையாளமே போடாமல் பெட்டியின் ஆற்றலை மட்டும் வைத்துக் கணக்கிட்ட உறைவு வேகமும் ஒரே சரிவில் விழுகின்றன. அந்த ஒப்பீடு வரும்வரை வண்ணப்படங்கள் எல்லாமே சரி போலத்தான் தெரிந்தன. தப்பான நிரல்கூட நடுவில் நீலம், ஓரத்தில் சாம்பல் என்று ஒழுங்காகவே வரைந்து தள்ளும்.

மாதிரியும் பெட்டியும்

தண்ணீர் மாதிரிகள் (கணினியில் மூலக்கூறைக் குறிக்கும் எண் தொகுப்புகள்) ஒவ்வொன்றுக்கும் உருகுநிலை வேறு. டிஐபி3பி சுமார் 146 கெல்வினில் உருகும். எஸ்பிசி/இ சுமார் 215, டிஐபி4பி/2005 சுமார் 250. பனிக்கட்டிக்கென்றே 2005-இல் வந்த டிஐபி4பி/ஐஸ் 270 கெல்வினுக்குப் பக்கத்தில் நிற்கிறது. எனவே 'இத்தனை கெல்வினில் ஓட்டினோம்' என்பதைவிட, அந்த மாதிரியின் உருகுநிலைக்கு எத்தனை டிகிரி கீழே ஓட்டினோம் என்பதே பொருளுள்ள எண். இந்தப் பதிவு முழுக்க டிஐபி4பி/ஐஸ்.

மூலக்கூறுகளை ஓட்டும் குரோமாக்ஸ் மென்பொருளில் இதற்கான டோப்பாலஜியை (மூலக்கூறின் விவரக் கோப்பை) கையால் எழுதினோம். சிக்மா 0.31668 நானோமீட்டர், எப்சிலான் 0.8822 கிலோஜூல்/மோல், ஹைட்ரஜன் மின்னூட்டம் 0.5897, கற்பனைத் தளத்தில் (அணு இல்லாத, மின்னூட்டம் மட்டும் தாங்கும் புள்ளி) −1.1794. சிக்கல் வருகிற இடம் அந்தக் கற்பனைத் தளத்தின் இருப்பிடம். பழைய டிஐபி4பி கோப்பை நகலெடுத்து மின்னூட்டத்தை மட்டும் மாற்றினால், தளத்தின் எடை 0.128012 என்றே நின்றுவிடும். டிஐபி4பி/ஐஸுக்கு அது 0.13458 ஆக வேண்டும் (ஆக்சிஜனிலிருந்து 0.1577 ஆங்ஸ்ட்ராம்). பிழைச்செய்தி எதுவும் வராது, ஓட்டமும் நிற்காது. பெயர் தெரியாத வேறொரு தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கும், அவ்வளவுதான்.

பனிக்கட்டிப் படிகத்தை அமைத்துத் தர ஜென்ஐஸ் என்ற கருவி. அதன் அறுகோணப் பனிக்கட்டி அலகில் 16 மூலக்கூறுகள் உண்டு, அளவு 7.848 × 7.377 × 9.066 ஆங்ஸ்ட்ராம். மூன்று திசையிலும் நான்கு மடங்காக்கினால் 1024 மூலக்கூறுகள், 31.4 × 29.5 × 36.3 ஆங்ஸ்ட்ராம் பெட்டி. ஹைட்ரஜன்களை விதிப்படி, அதேசமயம் ஒழுங்கின்றி அமைத்து, மொத்த இருமுனைத் திருப்புத்திறனைப் பூஜ்ஜியமாக்கித் தருவதுதான் இந்தக் கருவியின் பெரிய உதவி. கையால் செய்வது தலைவலி. நீளமான அச்சு z திசையில் விழுவதால், தண்ணீரை அந்தப் பக்கம் ஒட்டினால் படிகத்தின் இரண்டாம்நிலைப் பட்டக முகம் (பக்கவாட்டு முகங்களில் ஒரு வகை) திரவத்தைப் பார்க்கும். வேகமாக வளரும் முகம் அதுதான். அடித்தள முகம் வேண்டுமென்றால் y பக்கம் ஒட்ட வேண்டும். அங்கே வளர்ச்சி மெதுவாக இருக்கும், அடுக்குப் பிழைகளும் கூடுதலாக வரும்.

தண்ணீர்ப் பாதிக்கு இதே 1024 மூலக்கூறுகளின் நகலை உருக்கினோம். 300 கெல்வினில் போட்டால் உருகாது. வெளிப்பரப்பே இல்லாத, எல்லா எல்லையும் தொடரும் (ஒரு பக்கம் வெளியேறுவது மறுபக்கம் நுழையும்) பெட்டியில் பனிக்கட்டி உருகுநிலைக்கு வெகுமேலேயும் நானோசெகண்ட் கணக்கில் அப்படியே நிற்கும். 400 கெல்வினில் 2 நானோசெகண்ட் வைத்து, x, y நீளங்களை மாற்றாமல் z அழுத்தத்தை மட்டும் விட்டு 270-க்கு இறக்கினோம். பிறகு இரண்டையும் z திசையில் அடுக்கி, இரு இடைமுகங்களிலும் 2 ஆங்ஸ்ட்ராம் இடைவெளி. ஆற்றல் குறைப்பு; பனிக்கட்டி ஆக்சிஜன்களை 1000 அலகு வலிமையுள்ள கட்டுப்பாட்டில் பிடித்து 50 பிக்கோசெகண்ட்; பிறகு விடுவிப்பு. மொத்தம் 2048 மூலக்கூறுகள், 8192 தளங்கள், சுமார் 70 ஆங்ஸ்ட்ராம் நீளம். நேர அடி 2 ஃபெம்டோசெகண்ட். அழுத்தக் கட்டுப்பாடு z-க்கு மட்டும்; x, y-யின் அமுக்கத்தன்மையைப் பூஜ்ஜியமாக வைத்தோம். x, y-யும் அசைந்தால் திரவம் பனிக்கட்டியின் அணிக்கோவையை இழுத்துத் தகைவு ஏற்றிவிடும். அந்த x, y நீளங்களை முதலில் தூய பனிக்கட்டியை 270 கெல்வினில் எல்லாத் திசையிலும் தனித்தனியாகத் தளரவிட்டு எடுத்துக்கொள்ள வேண்டும். ஜென்ஐஸ் தரும் அளவு இந்த மாதிரிக்கென்று கணக்கிட்டதல்ல.

மூன்று வெப்பநிலைகள்: வளர 255, ஏறக்குறைய அசையாமல் நிற்க 270, உருக 285. இவற்றோடு, இதே மூன்று வெப்பநிலைகளில் தூய பனிக்கட்டி தனியாக, தூய திரவம் தனியாக. நேரத்தை விழுங்கும் வீண்வேலை போலத் தோன்றும் இந்தக் கட்டுப்பாட்டு ஓட்டங்கள் இல்லாமல் பின்னால் ஒன்றையும் தீர்மானிக்க முடியாது.

செலவு: மென்பொருள் எல்லாம் இலவசம். இந்த அளவுப் பெட்டி ஒரு நடுத்தர கேமிங் கிராஃபிக்ஸ் அட்டையில் நாளொன்றுக்குச் சில நூறு நானோசெகண்ட் ஓடும். 250 வாட் இழுக்கும் கணினி என்றால் நாளுக்கு 6 யூனிட் மின்சாரம். வட்டு இடத்தில்தான் கவனம் தேவை. எல்லாத் தளங்களையும் எழுதாமல் ஆக்சிஜனை மட்டும் ஒரு குழுவாக்கி அமுக்கிய கோப்பில் எழுதச் சொன்னால் அளவு நாலில் ஒன்றாகும். அமுக்காமல் கணக்கிட்டாலும் ஃபிரேமுக்கு 24 கிலோபைட். பிக்கோசெகண்டுக்கு ஒன்று வீதம் 100 நானோசெகண்டுக்கு 2.4 ஜிகாபைட்.

முதல் வழி: நான்முக ஒழுங்களவு

எளிதாகத் தெரிவது இதுதான்: ஒவ்வொரு ஆக்சிஜனுக்கும் நான்கு நெருங்கிய அண்டை, அவற்றுக்கிடையே ஆறு கோணங்கள், அவை 109.5 டிகிரியிலிருந்து எவ்வளவு விலகுகின்றன என்று ஓர் எண். நேர்த்தியான பனிக்கட்டிக்கு 1, தாறுமாறான வாயுவுக்குச் சராசரி 0. பத்து வரி பைத்தான் போதும்.

வேலைக்கு ஆகவில்லை. குளிர்ந்த தண்ணீர் ஏற்கெனவே நான்முகமாகத்தான் இருக்கிறது. 255 கெல்வினில் திரவத்தின் பரவல் 0.8-ஐத் தாண்டியும் வாலை நீட்டுகிறது. பனிக்கட்டியின் பரவலோ அதிர்வால் கீழே சரிந்து அந்த வாலோடு கலக்கிறது. வரம்பை எங்கே வைத்தாலும் ஒரு பக்கம் கணிசமாகத் தவறும். தவிர, அறுகோணப் பனிக்கட்டியும் கனசதுரப் பனிக்கட்டியும் முதல் வளையத்தில் ஒன்றேதான்; வேறுபாடு அடுத்த வளையத்தில்தான் தொடங்குகிறது. இந்த எண்ணுக்கு அது தெரியவே தெரியாது. திரவம் எவ்வளவு ஒழுங்காக இருக்கிறது என்று பார்க்க நல்ல எண்; அடையாளம் போட அல்ல.

இரண்டாம் வழி: சராசரி எடுத்த ஆறாம் படி

1983-இல் ஸ்டைன்ஹார்ட், நெல்சன், ரான்செட்டி கொடுத்த பிணைப்புத் திசை ஒழுங்களவு: அண்டைத் திசைகளை ஸ்ஃபெரிகல் ஹார்மோனிக்குகளாக (திசையை விவரிக்கும் கணிதச் சார்புகள்; 'படி' என்பது அவற்றின் நுணுக்க நிலை) மாற்றிக் கூட்டி, சுழற்சிக்கு மாறாத எண்ணாக்குவது. 2008-இல் லெக்னரும் டெல்லாகோவும் அதையே ஒவ்வொரு அணுவுக்கும் அதன் அண்டைகளோடு சேர்த்துச் சராசரி எடுத்து அளக்கச் சொன்னார்கள். தண்ணீருக்கு 3.5 ஆங்ஸ்ட்ராம் கட்-ஆஃபில் (அண்டை என்று எண்ணும் எல்லைத் தூரம்) ஆறாம் படி எடுத்தால் பனிக்கட்டியும் திரவமும் இரண்டு மேடுகளாகப் பிரிகின்றன. வரம்பைக் கண்ணால் வைக்கக்கூடாது. தூய பனிக்கட்டி ஓட்டத்தில் எத்தனை சதவீதம் திரவம் என்று தவறுகிறது, தூய திரவ ஓட்டத்தில் எத்தனை சதவீதம் பனிக்கட்டி என்று தவறுகிறது, இரண்டையும் வரம்புக்கு எதிராக வரைந்து, கோடுகள் வெட்டும் இடத்தை எடுக்க வேண்டும். டிஐபி4பி/ஐஸ் வகை மாதிரிகளுக்குப் பயன்பாட்டில் உள்ள 0.358-ஐ ஒட்டித்தான் வர வேண்டும். வெகுதூரம் விலகினால் நிரலில் பிழை. வெப்பநிலை மாறினால் வெட்டுமிடமும் சற்று நகரும், ஆகவே வெப்பநிலைக்கு ஒன்று.

இந்தக் கட்டத்தில் வந்த தொல்லைகள் எல்லாம் இயற்பியல் அல்ல, தச்சு வேலை.

அண்டை தேட, பைத்தானின் சைபை நூலகத்தில் உள்ள கே-டி மரத்துக்கு (அருகிலுள்ள புள்ளிகளை விரைவாகத் தேடும் அமைப்பு) பெட்டி அளவைக் கொடுக்கலாம். ஆனால் எல்லா ஆயங்களும் 0-க்கும் பெட்டி நீளத்துக்கும் உள்ளே இருக்க வேண்டும். ஒன்று வெளியே போனாலும் மறுத்துவிடும். எனவே முதலில் மீதி எடுத்து மடக்க வேண்டும். மடக்கும்போது மிகச் சிறிய எதிர்ம எண் ஒன்று மிதவைப்புள்ளித் துல்லியத்தில் பெட்டி நீளத்துக்குச் சமமாகவே மாறிவிடலாம். அதை 0 ஆக்கும் ஒரு வரி அவசியம். இந்த மரம் செங்கோணப் பெட்டிக்கு மட்டும். சாய்ந்த பெட்டி என்றால் ஃப்ரூட் போன்ற நூலகத்துக்குப் போய்விடுவது நல்லது.

அலகு: குரோமாக்ஸ் நானோமீட்டரில் எழுதும். அந்தக் கோப்புகளைப் படிக்கும் நூலகங்களில் எம்டிஅனாலிசிஸ் படிக்கும்போதே ஆங்ஸ்ட்ராமாக்கித் தரும். எம்டிட்ராஜ் நானோமீட்டரிலேயே தரும். நானோமீட்டர் ஆயத்துக்கு 3.5 என்ற கட்-ஆஃப் போனால் ஏறக்குறைய முழுப் பெட்டியே அண்டை ஆகிவிடும். முதல் ஃபிரேமில் சராசரி அண்டை எண்ணிக்கையை அச்சிட்டுப் பார்ப்பது ஒரு வரி வேலை: பனிக்கட்டியில் 4, திரவத்தில் 4-க்குச் சற்று மேல். நூறு, ஆயிரம் என்று வந்தால் அலகு தவறு. ஹைட்ரஜன்களோ கற்பனைத் தளமோ உள்ளே வந்திருந்தாலும் எண் இங்கேயே காட்டிக்கொடுத்துவிடும்.

ஹார்மோனிக்குகள்: சைபை 1.15-இல் பழைய செயல்கூறுக்குப் பதிலாகப் புதியது வந்தது. பழையது முதலில் வரிசை எண், பிறகு படி, பிறகு சுற்றுக்கோணம், கடைசியில் துருவக்கோணம் என்று கேட்கும். புதியது படி, வரிசை எண், துருவக்கோணம், சுற்றுக்கோணம் என்று கேட்கும். இரண்டு இணையும் இடம் மாறியிருக்கின்றன. எண்களை மாற்றிக் கொடுத்தால் எப்போதும் பிழைச்செய்தி வரும் என்று சொல்ல முடியாது. கோணங்களை மட்டும் மாற்றிக் கொடுத்தால் வரவே வராது, ஏதோ ஓர் எண் வரும். இதற்கு ஒரே நம்பகமான சோதனை: 20 புள்ளிகள் கொண்ட சிறு கொத்தை எடுத்து, ஏதேனும் ஒரு சுழற்சி அணியால் திருப்பி, ஒழுங்களவு பத்து தசம இடம்வரை மாறாமல் இருக்கிறதா என்று பார்ப்பது. மாறினால் கோணங்கள் இடம் மாறியிருக்கின்றன.

இவ்வளவும் சரியான பிறகு ஆறாம் படி நிரல் நன்றாகவே பிரிக்கிறது. இரண்டு குறைகள் மட்டும். அண்டையின் அண்டைவரை சராசரி எடுப்பதால் ஏறத்தாழ 7 ஆங்ஸ்ட்ராம்வரை அது எட்டிப் பார்க்கிறது, இடைமுகம் மங்கலாகிறது. அறுகோணமா கனசதுரமா என்றும் இந்த ஓர் எண் சொல்லாது.

மூன்றாம் வழி: பிணைப்பைப் பார்ப்பது

மோலினேரோ குழுவின் சில் (CHILL) முறை 2010-இல் வந்தது. 2015-இல் நுயெனும் மோலினேரோவும் அதை சில்-பிளஸ் ஆக்கினார்கள். இதில் மூலக்கூறை நேரடியாக மதிப்பிடுவதில்லை, பிணைப்பை மதிப்பிடுகிறது. பக்கத்துப் பக்கத்து ஆக்சிஜன் இரண்டை எடுத்துக்கொண்டால், ஒவ்வொன்றுக்கும் மீதி மூன்று அண்டைகள். தலையோடு தலை ஒட்டிய இரண்டு முக்காலிகள் போல. கால்கள் ஒன்றுக்கொன்று விலகி நின்றால் ஸ்டேகர்டு, நேருக்கு நேர் நின்றால் எக்லிப்ஸ்டு. மூன்றாம் படி ஹார்மோனிக் திசையன்களின் பெருக்கத்தை நெறிப்படுத்தினால் நேர்த்தியான ஸ்டேகர்டு பிணைப்புக்கு −1, எக்லிப்ஸ்டு பிணைப்புக்குச் சுமார் −0.11 வருகிறது.

விதிகள் சுருக்கமானவை. எண் −0.8 அல்லது அதற்குக் கீழே: ஸ்டேகர்டு. −0.35 முதல் 0.25 வரை: எக்லிப்ஸ்டு. நான்கும் ஸ்டேகர்டு என்றால் கனசதுரப் பனிக்கட்டி. மூன்று ஸ்டேகர்டு, ஒன்று எக்லிப்ஸ்டு என்றால் அறுகோணம். நான்கும் எக்லிப்ஸ்டு என்றால் கூண்டு ஹைட்ரேட் (வேறு மூலக்கூறை உள்ளே அடைக்கும் கூண்டு வடிவப் பனிக்கட்டி). இரண்டு ஸ்டேகர்டு இருந்தால் இடைமுகப் பனிக்கட்டி. எதிலும் சேராதது திரவம். பழைய சில் முறையில் எக்லிப்ஸ்டு எல்லை −0.2 முதல் −0.05 வரைதான், உருகுநிலைக்கு அருகில் அதிர்வு கூடும்போது அந்தக் குறுகிய சந்தில் பல பிணைப்புகள் நுழையாமல் போய், அறுகோணம் குறைவாக எண்ணப்படும். அதனால்தான் அகலப்படுத்தினார்கள்.

அணுக்களைப் படமாக்கும் ஓவிட்டோ மென்பொருளில் இது ஆயத்தமாகவே இருக்கிறது: ஆக்சிஜன்களை மட்டும் தேர்ந்தெடுத்து, 3.5 ஆங்ஸ்ட்ராம் கொடுத்தால் வண்ணம் வந்துவிடும். நாமே எழுதியதற்குக் காரணம் லட்சம் ஃபிரேம்களை வேகமாக ஓட்டவும், இடையில் வரும் பிணைப்பு எண்களின் பரவலைப் பார்க்கவும். முடிவில் இரண்டையும் ஃபிரேம் ஃபிரேமாக ஒப்பிட்டோம்.

ஆறாம் படிக்கு எழுதிய நிரலில் 6-ஐ 3 ஆக்கினால் போதும் என்று தோன்றும். போதாது. வேகத்துக்காக அண்டை இணைகளை ஒருமுறை மட்டும் (முதல் எண் இரண்டாம் எண்ணைவிடச் சிறியது என்று) சேமித்து, அதே திசையனை இரண்டு அணுக்களுக்கும் கூட்டும் நிரல் ஆறாம் படிக்குச் சரியாகவே வேலை செய்யும், ஏனென்றால் இரட்டைப் படையில் திசையைத் திருப்பினாலும் ஹார்மோனிக் மாறாது. மூன்றாம் படியில் குறி மாறும். ஒவ்வோர் அணுவுக்கும் சில அண்டைகள் சரியான குறியோடும் சில தவறான குறியோடும் சேர்ந்து, நேர்த்தியான படிகத்தில்கூட −1 வராமல் எண்கள் சிதறும். இரண்டாம் அணுவுக்குக் கூட்டும்போது திசையனை எதிர்மமாக்கினால் தீர்ந்தது. ஆறாம் படி எல்லாச் சோதனையிலும் தேறியிருந்ததால் அண்டைப் பட்டியல் மேல் சந்தேகமே விழாது. அதுதான் இந்தப் பிழையின் கெட்ட குணம்.

எனவே கட்டாயச் சோதனை: ஜென்ஐஸிலிருந்து வெப்பமேற்றாத மூன்று படிகங்கள். அறுகோணம் என்றால் ஒவ்வோர் அணுவுக்கும் மூன்று −1, ஒரு −0.11, கனசதுரம் என்றால் நான்கும் −1, முதல் வகை ஹைட்ரேட் (ஓர் அலகில் 46 மூலக்கூறுகள்) என்றால் நான்கும் எக்லிப்ஸ்டு எல்லைக்குள். ஓர் அணு தவறினாலும் அது பெட்டி எல்லையில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும், அநேகமாக இருக்கும்.

அண்டையைத் தேர்வதில் ஒரு முடிவு எடுக்க வேண்டியிருக்கிறது. நெருங்கிய நான்கு என்று எடுத்தால் ஒருவருக்கு அண்டையாக இருப்பவர் மற்றவருக்கு அண்டையாக இல்லாமல் போகலாம். 3.5-க்குள் இருப்பவை எல்லாம் என்று எடுத்தால் திரவத்தில் ஐந்தாவது ஒன்று அடிக்கடி நுழையும். பனிக்கட்டியில் முதல் வளையம் 2.76-இல், அடுத்தது 4.5-இல்; நடுவில் வெற்றிடம். எனவே பனிக்கட்டிக்கு இரண்டும் ஒன்றே. 3.5-க்குள் சரியாக நான்கு இருந்தால் மட்டுமே பனிக்கட்டி என்று கேட்பது திரவத்துக்கு எதிரான கூடுதல் வடிகட்டியாக அமைகிறது, அதையே வைத்துக்கொண்டோம். சூடான பனிக்கட்டியில் சில அணுக்கள் இதனால் கழியும். ஏற்கத்தக்க விலை.

எக்லிப்ஸ்டு எல்லையை அகலமாக்கியதன் பக்கவிளைவு ஒன்று உண்டு. சிதறலான எண்கள் பூஜ்ஜியத்தைச் சுற்றித்தான் நிறைய விழும். அதனால் தூய திரவத்தில் 'இடைமுக ஹைட்ரேட்' (நான்கில் மூன்று எக்லிப்ஸ்டு) அடையாளம் தாராளமாக முளைக்கிறது. விருந்தாளி மூலக்கூறே இல்லாத பெட்டியில் ஹைட்ரேட் வகைகள் இரண்டையும் திரவத்தோடு சேர்த்துவிடுவதே சரி. இதை விளக்காமல் வண்ணப்படம் மட்டும் போட்டால் பார்ப்பவர் கேள்வி கேட்பார், கேட்கவும் வேண்டும்.

மினுக்கமும் நகர்வும்

இடைமுகத்தில் இருக்கும் மூலக்கூறு ஒரு பிக்கோசெகண்டில் பனிக்கட்டி, அடுத்ததில் திரவம், மறுபடி பனிக்கட்டி என்று மாறிக்கொண்டே இருக்கும். மூன்று மருந்துகளைப் பார்த்தோம். ஃபிரேமை ஆற்றல் குறைத்து அதிர்வை நீக்குவது: பனிக்கட்டி பளிச்சென்று வரும், ஆனால் திரவமும் கூடுதல் நான்முகமாகிவிடும், எல்லாத் தளங்களும் சேமித்திருக்க வேண்டும், கணக்கும் கனமானது. ஆயங்களைச் சில பிக்கோசெகண்டுக்குச் சராசரி எடுப்பது: நன்றாக வேலை செய்யும், ஆனால் எல்லையைத் தாண்டும் அணுக்களை முதலில் விரிக்க வேண்டும், இல்லையென்றால் இடப்பக்கமும் வலப்பக்கமும் கலந்து நடுவில் ஓர் இல்லாத அணு முளைக்கும், ஆக்சிஜன்களின் இழுப்பு அதிர்வு 0.2 பிக்கோசெகண்டுக்கும் குறைவு, வளைவு அதிர்வு அரை பிக்கோசெகண்ட் அளவு என்பதால் நெருக்கமாகச் சேமிக்கவும் வேண்டும். கடைசியில் நிலைத்தது எளியது: பிக்கோசெகண்டுக்கு ஒரு ஃபிரேம், அடையாளத்தைப் போட்டுவிட்டு, 11 ஃபிரேம் சாளரத்தில் பெரும்பான்மை. இந்த வெப்பநிலையில் உறைவு நூறு நானோசெகண்ட் கணக்கில் நடக்கும் வேலை; பத்து பிக்கோசெகண்ட் மழுக்கல் ஒன்றும் செய்யாது.

அதன் பிறகு கொத்து வடிகட்டல்: பனிக்கட்டி என்று வந்தவற்றை 3.5 ஆங்ஸ்ட்ராமில் இணைத்து, பெரிய கொத்தை மட்டும் வைத்துக்கொள்வது. திரவத்தில் தனியாக மின்னும் ஒன்றிரண்டு இதில் போய்விடும்.

z திசையில் அடர்த்தி வரையும்போது பனிக்கட்டிப் பலகை மெதுவாக நகர்ந்து எல்லையைத் தாண்டிவிடும். சராசரி எடுத்தால் இடைமுகம் இல்லாத அளவுக்கு அகலமாகத் தெரியும். ஒவ்வொரு ஃபிரேமிலும் பலகையின் மையத்தைக் கண்டு கழிக்க வேண்டும். சாதாரணச் சராசரி இங்கே தவறும். Z-ஐக் கோணமாக்கி, சைன், கோசைன் சராசரிகளிலிருந்து மையத்தை எடுத்தால் எல்லையைத் தாண்டினாலும் சரியாக வரும்.

ஆற்றலோடு ஒப்பீடு

255 கெல்வினில் தூய பனிக்கட்டி, தூய திரவம் ஆகிய இரண்டு கட்டுப்பாட்டு ஓட்டங்களிலிருந்து மூலக்கூறுக்கு நிலையாற்றல் எவ்வளவு என்று தெரியும். கலப்புப் பெட்டியின் நிலையாற்றல் இவை இரண்டுக்கும் நடுவே நிற்கும். உறைய உறையப் பனிக்கட்டிப் பக்கம் சரியும். திரவ மதிப்பிலிருந்து எவ்வளவு இறங்கியது என்பதை இரண்டு மதிப்புகளின் வேறுபாட்டால் வகுத்தால் உறைந்த எண்ணிக்கை. கோணமும் இல்லை, கட்-ஆஃபும் இல்லை, வரம்பும் இல்லை. இந்த மாதிரியின் உருகுவெப்பம் சுமார் 5.4 கிலோஜூல்/மோல் (உண்மைத் தண்ணீருக்கு 6.01) என்பதால் குறிப்பலை தெளிவாகவே தெரியும். வேறுபாட்டை மட்டும் அச்சில் வந்த உருகுவெப்பத்திலிருந்து எடுக்காமல் அதே வெப்பநிலை ஓட்டங்களிலிருந்தே எடுக்க வேண்டும். 15 டிகிரி கீழே போனால் இரண்டு நிலைகளின் வெப்பக்கொள்ளளவு வேறுபாட்டால் அது குறையும்.

நேரத்துக்கு எதிராக நான்கு கோடுகள்: ஆற்றல், சில்-பிளஸ் கண்டிப்பு (அறுகோணம் + கனசதுரம்), சில்-பிளஸ் இடைமுகமும் சேர்த்து, சராசரி ஆறாம் படி. நான்கின் சரிவும் ஒன்று. உயரம் மட்டும் வேறு. தட்டையான இடைமுகம் தன் தடிமனை மாற்றாமல் நகர்கிறது, ஆகவே இடைமுகத்தில் எத்தனை பேரை எந்தப் பக்கம் சேர்த்தாலும் வேகம் மாறாது. இந்தப் பெட்டியில் வளரும் திசையில் ஓர் அணு அடுக்குக்கு 64 மூலக்கூறுகள், அடுக்கு இடைவெளி 2.27 ஆங்ஸ்ட்ராம். இருபக்கமும் ஓர் அடுக்கு கருத்து வேறுபாடு என்றால் 128 மூலக்கூறுகள், அதாவது மொத்தத்தில் 6 சதவீதம். பரவாயில்லை.

இதே வேறுபாடு உருண்டையான கருவில் (திரவத்துக்குள் முதலில் தோன்றும் சிறு பனிக்கட்டித் துண்டு) வந்தால் கதை மாறிவிடும். 500 மூலக்கூறுள்ள பனிக்கட்டிக் கரு என்றால் ஆரம் சுமார் 15.8 ஆங்ஸ்ட்ராம். ஓர் அடுக்கு உள்ளே வரைந்தால் 313 மூலக்கூறு. ஓர் அடுக்கு வெளியே வரைந்தால் ஏறத்தாழ 750. செவ்வியல் கருவாக்கக் கோட்பாட்டில் தடையின் உயரம் கருவின் அளவுக்கு நேர்விகிதம், வேகமோ அந்தத் தடை கூடக்கூட அடுக்குக்குறி முறையில் குறையும். ஆகவே கரு அளவைச் சொல்லும் எந்த எண்ணையும் எந்த முறை, எந்தக் கட்-ஆஃப், எந்த வரம்பு என்று சேர்த்துச் சொல்லாமல் வெளியிடுவது அர்த்தமில்லாத வேலை. கருவாக்கத்துக்கு நாம் வைத்துக்கொண்ட ஏற்பாடு: அளவுக்கு, தூய நிலைகளில் தவறுகள் சமமாகும்படி வரம்பு வைத்த ஆறாம் படி, உள்ளே அறுகோணமா கனசதுரமா என்ற அடுக்கமைப்புக்கு மட்டும் சில்-பிளஸ்.

அடுத்த முறை மாற்றப்போவது

நிரலைச் செம்மைப்படுத்தும் கட்டத்தில் டிஐபி4பி/ஐஸைத் தொடவே மாட்டோம். மோலினேரோவும் மூரும் 2009-இல் தந்த எம்டபிள்யூ மாதிரி ஒரு மூலக்கூறுக்கு ஒரே மணி. ஹைட்ரஜன் இல்லை, மின்னூட்டம் இல்லை. லாம்ப்ஸ் என்ற சிமுலேஷன் மென்பொருளில் ஸ்டில்லிங்கர்–வெபர் விசைக்கு எப்சிலான் 6.189 கிலோகலோரி/மோல், சிக்மா 2.3925 ஆங்ஸ்ட்ராம், லாம்டா 23.15 என்று கொடுத்தால் போதும். உருகுநிலை சுமார் 274.6 கெல்வின், 5 முதல் 10 ஃபெம்டோசெகண்ட் அடி வைக்கலாம், அணு மாதிரிகளைவிட நூறு மடங்குக்கும் மேல் வேகம். ஒரு மாலைக்குள் உறைந்து முடிந்துவிடும். அதில் வரும் உறைவு வேகத்தை மட்டும் நம்பக்கூடாது, மணி மாதிரியில் எல்லாமே அவசரமாக நடக்கும். அடையாள நிரலைச் சோதிக்க அந்த அவசரமே வசதி.

நரம்பு வலைப்பின்னல் முறைகளும் இருக்கின்றன. ஆயங்களை நேராகவே ஊட்டிப் பனிக்கட்டியையும் தண்ணீரையும் பிரிக்கும் டீப்ஐஸ் போன்றவை. உயர் அழுத்தத்தில் பனிக்கட்டி ஆறு, ஏழு போன்ற வகைகள் கலந்து வரும் பெட்டிக்கு, நான்கு அண்டையை நம்பும் சில்-பிளஸ் உதவாது. அங்கே இவற்றுக்கு வேலை உண்டு. சாதாரண அழுத்தத்தில் அறுகோணம், கனசதுரம், திரவம் என்ற மூன்றுக்கு வலைப்பின்னலைப் பயிற்றுவிக்கத் தேவையான தூய ஓட்டங்களை வைத்தே மேலே சொன்ன வரம்புகளை நிர்ணயித்துவிடலாம். கூடுதலாகக் கிடைப்பது குறைவு.

அடர்த்தி குறைந்த திரவம், கூடிய திரவம் என்ற இரண்டு திரவங்களைப் பிரிக்க வேண்டியிருந்தால் இந்த நிரல் அப்படியே உதவாது. அங்கே ஐந்தாவது அண்டை எங்கே நிற்கிறது, முதல் வளையத்துக்கும் இரண்டாவதுக்கும் நடுவே இடைவெளி இருக்கிறதா என்பதே கேள்வி, அதற்கு 3.7 ஆங்ஸ்ட்ராமுக்குள் உள்ள அண்டைத் தூரங்களின் இடைவெளிச் சிதறலை அளக்கும் உள்ளிடக் கட்டமைப்புக் குறியீடு பொருந்தும். அதை ஃபிரேமின் ஆற்றல் குறைத்த வடிவத்தில் கணக்கிட்டால்தான் இரண்டு மேடுகள் தெளிவாகும். அதாவது எல்லாத் தளங்களையும் சேமித்திருக்க வேண்டும். ஆக்சிஜனை மட்டும் எழுதி வட்டை மிச்சப்படுத்திய இந்த ஓட்டங்களை அதற்குப் பயன்படுத்த முடியாது, திரும்ப ஓட்டத்தான் வேண்டும்.